நாலாம் கியரில் மட்டும் மௌனம்

நியூட்ரலில் நிற்கும்போது ஒரு முனகல்.
கிளட்சை மிதித்தால் வாயை மூடிக்கொள்ளும்.
விட்டால் மறுபடி.
ஒன்றில், இரண்டில், மூன்றில் கூடவே வரும்.
நாலில் காணோம்.
ஐந்தில் திரும்ப வரும், சுருதி ஏற்றிக்கொண்டு.

நரினிலிருந்து தொலோன் கணவாய்வரை
ரேடியோவை அணைத்துவிட்டு
அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.
நான் குதிரை வைத்தியம் பார்ப்பவள்.
வாயில்லாத உயிரிடம்
எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பயனில்லை;
எப்போது வலி விடுகிறது என்று
பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே நாலாம் கியர்.
அதில் மட்டும் சுழற்சி நேராகப் பின்னுக்குப் போகிறது.
நடுத்தண்டு சுற்றும், சுமக்காது.
மற்ற எதைப் போட்டாலும் பாரம் அதன் தலையில்.
அப்படியென்றால் அதன் பேரிங்.

உறுதிக்காக நீவாவின் அடியில் படுத்து
கியர்பாக்ஸ் மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.
வேலிக்கு அப்பால் எசென்கான்
"நாடி இருக்கா?" என்றான்.
இருந்தது. மணலை மெல்லுகிற நாடி.

பேரிங் பிஷ்கெக்கிலிருந்து வர மாதமாகும்.
அதுவரை எண்ணெயாவது மாற்றலாம் என்று
கச்கின்பாயின் கடைக்குப் போனேன்.
"ஜிஎல் ஐந்து எடு டாக்டர்,
நாலைவிட ஐந்து பெரிசில்லையா?"
பெரிசுதான்.
குதிரைக்குப் போடும் ஊசியும்
நாய்க்குப் போடுவதைவிடப் பெரிசு.
ஐந்தில் கந்தகம் அதிகம்,
எஃகுப் பல்லுக்கு அது கவசம்,
சின்க்ரோ வளையத்தின் பித்தளைக்குக் கறையான்.
நாலே கொடு.
எண்பதும் வேண்டாம், எழுபத்தைந்து.
மைனஸ் முப்பதில் எண்பது தேன்கட்டி ஆகிவிடும்,
விடிகாலையில் இரண்டாம் கியர் தோளைக் கழற்றிவிடும்.
அவன் டப்பாவைத் துடைத்துக் கொடுத்தான்,
படித்தவளிடம் பேரம் பேசாத முகத்துடன்
இருபது சோம் கூட்டி வாங்கிக்கொண்டான்.

முதலில் மேல் திருகு.
அது அசைந்த பிறகே கீழ்த் திருகு.
போன குளிரில் எசென்கான் எல்லாவற்றையும் வடித்துவிட்டு
மேலே துருப்பிடித்ததைத் திறக்க முடியாமல்
மூன்று நாள் கழுதை இரவல் வாங்கினான்.

சூடாக வந்தது, கறுப்பாக.
காந்தத்தில் சாம்பல் களிம்பு. அது வயசு, பரவாயில்லை.
தட்டை வெயிலில் சாய்த்தேன்.
எண்ணெய்க்குள் பொன்தூள் மினுங்கியது.
பித்தளை.
யாரோ ஐந்தை ஊற்றியிருக்கிறார்கள்.

தாலாய்பெக், வேறு யார்.
இதை எனக்கு விற்றுவிட்டுக் கசானுக்குப் போனவன்.
கதவிடுக்கில் நுழையும் குளிர், ஒழுகும் ரேடியேட்டர்,
ஒற்றைக் கண் விளக்கு
என்று இரண்டு வருஷமாக அவன் கணக்கில்தான் எழுதுகிறேன்.
இதையும் எழுதப் பேனா எடுப்பதுபோல்
கொட்டகை அலமாரிக்குக் கை நீட்டினேன், புனலுக்காக.

புனலுக்குப் பின்னால் பாதி டப்பா.
ஐந்து.
மூடியில் தேதி:
மார்ச் ஒன்பது, கடந்த வருஷம்,
மருந்துப் புட்டியில் நான் எழுதுகிற மாதிரியே
சாய்ந்த கையெழுத்து.

கொஞ்ச நேரம் புனலைப் பிடித்தபடி நின்றேன்.
கசானில் இப்போது மணி என்ன இருக்கும்?

புதியதை ஊற்றினேன், விளிம்பு தொட்டு வழியும்வரை.
மூன்றாம் கியர் முன்போல் கத்தவில்லை,
செருமிக்கொண்டு உள்ளே போனது.
முனகல் அப்படியே இருக்கிறது.
எண்ணெய் எலும்பை ஒட்டவைக்காது.

அன்று இரவே அனார்குல் ஆள் அனுப்பினாள்:
பெட்டைக்குதிரை, குட்டியின் கால் மடங்கியிருக்கிறது.
பனியில் முடிந்த இடமெல்லாம் நாலிலேயே போனேன்,
நடுத்தண்டுக்கு ஓய்வு கொடுத்தபடி.

கொட்டிலில் கையை நீட்டியதும்
மோந்து பார்த்துக் காதை மடக்கியது குதிரை.
வெந்நீரில் கழுவினேன். சோப்பு. திரும்ப வெந்நீர்.
வெளியே போய்ப் பனியை அள்ளித் தேய்த்தேன்.
நீட்டினேன்.
இன்னும் ஒரு அடி பின்னால் போனது.